தோளில் போட்டுக் காட்டிய சேலை

நான் வேலை செய்யும் துணிக்கடைக்கு வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பயிற்சிக்கு வரும். தஞ்சாவூரில் பெரிய கடை. யூனிபார்மோடு லிஃப்ட் பக்கத்தில் கூட்டமாக நிற்கும். மேனேஜர் ஆளுக்கொரு மாடி சொல்லி அனுப்புவார். பத்து நாள் கழித்து மார்க் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடும். எனக்கு அந்தக் கையெழுத்து அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

எனக்கு ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பா குத்தகைக்கு நிலம் பார்த்தார். பத்தாம் வகுப்பை எப்படியோ தாண்டினேன். படிப்பு ஏறவில்லை. சில்லறை வணிகம் என்று தொழிற்பிரிவு ஒன்று இருந்தது, அதில் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு கடையில் பத்து நாள் இருந்து, பள்ளிக்கூடம் தரும் மார்க் பாரத்தில் முதலாளி கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வர வேண்டும். அது இல்லாவிட்டால் செய்முறைப் பரீட்சை கிடையாது. அது கிடையாது என்றால் பாஸ் கிடையாது. அப்பா முன்னாலேயே சொல்லிவிட்டார். "இதுலயும் போச்சுன்னா நாத்து பறிக்க வந்துடு. திரும்ப எழுதறேன் கிழுதறேன்னு நிக்காத."

எங்களுக்கு வகுப்பெடுத்த சார் தன் வண்டியில் கடை கடையாகப் போய்க் கேட்டார். ஒரு கடையில், பொம்பளப் புள்ளைகளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது என்றார்கள். இன்னொரு கடையில், எங்களுக்கே உட்கார இடமில்லை என்றார்கள். கூடப் படித்த இரண்டு பேர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் மிச்சம். கடைசியாக ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் ஒரு பழைய ஜவுளிக்கடை. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்கிலீஷ் பேசுமா?"

"பேசாதுங்க" என்றார் சார்.

"அப்ப சரி. ஆடித் தள்ளுபடி நேரம், ஆள் பத்தல. வரச் சொல்லுங்க."

புதாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்திருந்தது. பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் நடவு. நான் மட்டும் இஸ்திரி போட்ட யூனிபார்மில் கடைக்குப் போனேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போதும் அந்தப் பஸ் ஜன்னலை நினைத்தால் சேற்று வாசம் வருகிறது.

கடையில் விற்பனைக்கு ஒரு அக்கா இருந்தார். இருபது வருஷமாக அங்கேதான். ஜமக்காளம் விரித்த மேடையில் உட்கார்ந்து, சேலையை ஒரே வீச்சில் விரிப்பார். முதல் இரண்டு நாள் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தேன், மடித்து வைத்தேன். எங்கள் பாடத்தில் எல்லாம் வரிசையாக இருக்கும். சிரித்த முகமாக வரவேற்க வேண்டும். என்ன தேவை, யாருக்கு என்று கேட்க வேண்டும். பொருளைக் காட்டிப் புரியவைக்க வேண்டும். நன்றி சொல்லி மீண்டும் வரச் சொல்ல வேண்டும். வகுப்பில் பெட்ஷீட்டைச் சேலையாக வைத்துக்கொண்டு பழகியிருந்தோம். அக்கா அப்படியெல்லாம் செய்யவில்லை. கடைக்கு வந்தவர் முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். அதை நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. கடை திறந்த நேரம். முதலாளி உள்ளே சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா டீ வாங்கப் போயிருந்தார். ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பது வயசு இருக்கும். தோளில் துண்டு. காலில் செருப்பில்லை.

நான் எழுந்து சிரித்தேன். "வாங்கய்யா. வணக்கம். என்ன பாக்கறீங்க?"

"ஒரு சேலை வேணும்மா."

"யாருக்குங்க?"

"தங்கச்சிக்கு."

"என்ன விசேஷங்க?"

அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். ஆம்பளைகள் சேலை எடுக்க வந்தால் அப்படித்தான்.

"தங்கச்சி நல்ல நெறமாங்க?"

"செவப்புதான்" என்றார்.

அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்தேன். மாம்பழ மஞ்சளில் கரை. விரித்தேன். அவர் தொட்டுப் பார்க்கவில்லை. சரியாகத் தெரியவில்லையோ என்று எழுந்து நின்று, என் தோளிலேயே முந்தானையைப் போட்டுக் காட்டினேன்.

"பாருங்கய்யா, எவ்வளவு எடுப்பா இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். "அதையே குடும்மா" என்றார்.

மடித்தேன். கல்யாண ஜோடிப் படம் போட்ட கடைப் பையில் போட்டு நீட்டினேன். "நன்றிங்கய்யா. அவசியம் மறுபடியும் வாங்க."

அப்போது முதலாளி வெளியே வந்தார். வந்தவருடைய காலைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். என் கையிலிருந்த பையைப் பார்த்தார். வெடுக்கென்று பிடுங்கினார். சேலையை வெளியே எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றினார். பணத்தை வாங்கிக்கொண்டு கொடுத்தார். வந்தவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தங்கச்சி செத்துப்போயிருக்கிறது. பிணத்துக்குப் போர்த்த, பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுக்க வந்திருக்கிறார்.

வாசல்படி இறங்கும்போது அவர் நின்றார். "புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. நல்ல சேலையாத்தான் எடுத்துக் குடுத்துச்சு." போய்விட்டார். போயிட்டு வரேன் என்று அவர் சொல்லவில்லை. எழவுக்கு எடுக்க வந்தவர்கள் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

அக்கா டீயோடு வந்தார். விஷயம் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "எழவுச் சேலையத் தோள்ல போட்டுக் காட்டினியாடி? வயசுப் பொண்ணு!" குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் முகம், கை, கால் கழுவச் சொன்னார். "வீட்ல சொல்லிக்கிட்டுத் திரியாத. ஒங்க அம்மா நம்ம கடை வாசல்ல வந்து நிக்கும்."

முதலாளி கத்தவில்லை. "நாளையிலேருந்து வராதம்மா. சார்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

அழவில்லை. பஸ்ஸில் ஏறும்வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பஸ் நடவு வயலைத் தாண்டும்போதுதான் உறைத்தது. வேறு கடை கிடையாது. சார் எல்லாக் கடையும் கேட்டுவிட்டார். வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்குக் கிளம்பிப் போனேன். வேறு என்ன செய்ய? முதலாளி பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முந்தின நாள் ஆவணிக் கல்யாண வீட்டுக்காரர்கள் கலைத்துப்போட்ட சேலைகள் மலை மாதிரிக் கிடந்தன. மூலையில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன். மத்தியானம் அக்கா ஒரு டம்ளர் டீயை என் பக்கம் தள்ளினார்.

"வாயத் தொறக்காம இருந்துக்க" என்றார், மெதுவாக.

அப்படியே இருந்தேன். எடுத்துக் கொடுத்தேன், மடித்தேன், அடுக்கினேன். யாராவது என்னிடம் கேட்டால் அக்கா பக்கம் கையைக் காட்டினேன். ஒரு அம்மா, "அய்யோ பாவம், ஊமைப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டது.

"ஊமையெல்லாம் இல்ல, பள்ளிக்கூடத்துலேருந்து வந்திருக்கு" என்றார் அக்கா. முதலாளி கல்லாவில் குனிந்துகொண்டார்.

சும்மா உட்கார்ந்ததில் அக்காவைப் பார்க்க முடிந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்களிடம் ஒரு மாதிரி, சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டியிடம் ஒரு மாதிரி. சிலரிடம் பேச்சே இல்லை. பாடத்தில் அதற்கெல்லாம் பக்கம் ஒதுக்கவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம். பாரத்தை எடுத்து முதலாளி முன்னால் வைத்தேன். பாரம் முழுக்க இங்கிலீஷ். அவர் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவர். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றினார்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். நேரத்துக்கு வருதல். சுத்தம். பொருளை அடுக்குதல். எதிரில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும்.

"நீயே போட்டுக்க. நான் கையெழுத்துப் போடறேன்."

போட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அதை என்னால் போட முடியவில்லை. எதைப் போட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் காலி இடம் அவர் கண்ணில் பட்டது. "இது என்ன?"

"வாடிக்கையாளர்கிட்ட பேசறதுங்க. அது நீங்கதான் போடணும்."

"போடலன்னா?"

"பரீட்சைக்கு விட மாட்டாங்க."

பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். "பேசக் கூடாத எடத்துல பேசின. அப்புறம் ஏழு நாளா வாயே தொறக்கல. இதுக்கு என்ன மார்க்கு போடறது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஏழு நாளைக்கு ஏழு போடுங்க மொதலாளி" என்றார் அக்கா, சேலை மடித்தபடி. "எனக்கே ஒரு நாள் பேசாம இருக்க முடியாது."

அந்தப் பத்து நாளில் முதலாளி சிரித்து அப்போதுதான் பார்த்தேன். ஏழு போட்டார். கோணல் எழுத்தில், பழைய கொக்கி மாதிரி ஒரு ஏழு. முத்திரையை ஊதிவிட்டு இரண்டு தரம் அழுத்தினார்.

"போயிட்டு வாம்மா" என்றார்.

பாரத்தை மடிக்கவில்லை. நோட்டுக்குள் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அப்பா வாய்க்கால் கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். காட்டினேன். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படிக்கத் தெரியாது. முத்திரையை மட்டும் தடவிப் பார்த்தார்.

"அப்ப நாத்து பறிக்க வர மாட்ட" என்றார்.