வுடுன்னா வுடணும்

ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு செயின் திருடன் உசுர, அவன் மேல குந்தியே காப்பாத்தினேன். சிரிக்காதீங்க, மெய்யாலும்தான்.

அதுக்கு மொதல்ல என் கால் கதைய சொல்லணும். எக்ஸிபிஷன்ல மரணக் கிணறு பாத்துகிறீங்களா? பலகைல வட்டமா செவுரு கட்டி, அது மேல பைக்க சுத்தி சுத்தி ஓட்டுவாங்க. நா அதுல ஓட்டினவ. பொம்பள ஓட்டுறாளேன்னு வர்றவனெல்லாம் மேல வெளிம்புல தொங்கிகினு நோட்ட நீட்டுவான். நா சர்ருன்னு ஏறிப் போயி ஒத்தக் கையால புடுங்குவேன். கை பட்டதும் "வுடு!"ன்னு கத்துவேன். வுடணும். அதான் சட்டம்.

ஒருத்தன் வுடல. நோட்ட வெரல்ல சுத்தி வச்சிகினு இளிச்சான். பல்லுல வெத்தலக் கறை, அது இன்னும் ஞாபகம் கீது. கீழ உழுந்தேன். என் முட்டி மேல பைக்கு உழுந்துச்சு. எலும்பு தோலக் கிழிச்சிகினு, யாரு வந்துகிறாங்கன்னு பாக்குற மாதிரி வெளிய எட்டிப் பாத்துச்சு.

அன்னியோட பைக்கு போச்சு. உள்ள கம்பி வச்சாங்க, காலு மடங்காது. வூட்ல நா கால நீட்டி குந்திகினா ஒருத்தரும் தாண்ட முடியாது. என் பேத்தி எனக்கு ரயில்வே கேட்டுன்னு பேரு வச்சிகிறா. திமிரு.

போன மாசம் கீரை வாங்கிகினு, தடிய ஊனிகினு ரோட்டோரம் வந்துகினு இருந்தேன். பின்னாடி ஒரு பைக்கு. கழுத்துல சுளீர்னுச்சு. ஒருத்தன் செயின புடிச்சி இழுக்குறான். என் கை தன்னால போயி அவன் மணிக்கட்ட புடிச்சிச்சு. ஆக்ஸிலேட்டர் முறுக்கின கை, சும்மாவா?

"வுடு கெழவி, வுடு!"ன்னு கத்தினான்.

அந்த வார்த்தைய கேட்டதும் எனக்கு வந்துச்சே ஒரு வெறி! வுடுவனா?

பைக்கு கவுந்துச்சு. நானும் உழுந்தேன், கீரையும் உழுந்துச்சு. அவன் முட்டி மேல பைக்கு.

அப்பால ஜனம் வந்துச்சு. ஹெல்மெட்டால மூஞ்சில ஒரு போடு, பல்லு ரெண்டு தெறிச்சி என் கீரை மேல உழுந்துச்சு. பரோட்டாக் கடைக்காரரு கரண்டியோட வந்தாரு. மிதி, குத்து, ரத்தம். எனக்கும் ஜாலியாத்தான் இருந்துச்சு. தடியால நானே ஒண்ணு வச்சேன்.

அப்பதான் அவன் கால பாத்தேன். எலும்பு எட்டிப் பாக்குது. அதே எடம்.

"வுடுங்கடா!"ன்னேன். யாரும் வுடல. ஒருத்தன் ஹாலோ பிளாக் கல்லத் தூக்கிகினு வர்றான், தலைல போட. நா யோசிக்கல. திருடன் நெஞ்சு மேல தொப்புன்னு குந்தி, கம்பிக் கால குறுக்கால நீட்டிட்டேன். கேட்டு சாத்தியாச்சு.

"பாட்டி, எந்திரிங்க! அவன் திருடன்!"

"நாந்தான்பா பறிகொடுத்தவ, எனக்குத் தெரியாதா? காலு மடங்காது, எந்திரிக்க முடியாது. கல்லப் போடணும்னா என் மேல போடு."

கல்லு அந்தரத்துலயே நின்னுச்சு. அப்பால மெதுவா கீழ எறங்கிச்சு.

அடியிலேந்து முனகுறான். "பாட்டி... மூச்சு முட்டுது."

"முட்டட்டும். அவங்க அடிச்சி சாவறதுக்கு இது தேவல."

"செயினு... தங்கமா?"

"கவரிங்டா."

எலும்பு ஒடஞ்சப்ப அழாதவன், அதுக்கு ஓன்னு அழுதான்.

ஆம்புலன்ஸ் வந்து அவன ஸ்ட்ரெச்சர்ல தூக்கினாங்க. அவன் கை என் முந்தானைய புடிச்சிகினு கீது. சுத்தி இன்னும் ஆளுங்க மொறச்சிகினு நிக்கிறாங்க இல்ல, பயம்.

"வுடுடா"ன்னேன்.

வுடல.

என்னையும் சேத்து உள்ள ஏத்தினாங்க. கதவு சாத்த முடியல. என் காலு வெளிய நீட்டிகினு நிக்குது.