மொட்டாகவே இருந்த ஐரிஸ்

நேற்று மந்தைவெளியில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்ப் பூக்கடை வாளியில் நீல ஐரிஸ் விரிந்து நின்றது. மூன்று இதழ்கள் மேலே நிமிர்ந்து, மூன்று கீழே நாக்கைத் தொங்கப்போட்டாற்போல். தொங்கும் இதழில் மஞ்சள் விரலால் தொட்ட மாதிரி ஒரு கோடு. பஸ்ஸை விட்டுவிட்டேன். நானா? அரை மணி முன்னாலேயே வந்து, சரியான நிறுத்தம்தானா என்று மூன்று பேரைக் கேட்கிறவள்!

அந்தப் பூவுக்கு வாசனை கிடையாது. எனக்கு ஞாபகம் வந்தது அதைச் சுற்றிக் கட்டிவரும் ஈரச் செய்தித்தாளின் வாசனை. எட்டாவதோடு படிப்பை விட்டு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பொக்கே கடையில் சேர்ந்திருந்தேன். ஐரிஸை மொட்டாகத்தான் அனுப்புவோம். கல்யாண மண்டபத்தில் போய்த்தான் விரியவேண்டும். அதனால் கட்டுகிற நாங்கள் ஒன்றைக்கூட விரிந்து பார்த்ததில்லை. நுனியில் எட்டிப் பார்க்கும் நிறத்தை வைத்தே கருநீலம், கத்தரிப்பூ, வெள்ளை, மஞ்சள், வெல்லப்பாகு என்று பிரிப்போம். கூட வேலை செய்த திருவல்லிக்கேணி மும்தாஜ் அக்காவுக்கு அதில் தீராத கோபம்.

"ஊருக்கெல்லாம் மூஞ்சி காட்டுது, நமக்கு மட்டும் காட்ட மாட்டேங்குது பாத்தியாடி!"

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் என்று முடிவானது.

"இன்னா வாங்கியாரட்டும்க்கா?"

"பழம் கிழம் வாணாம். கலருக்கு ஒண்ணா அந்தப் பூவ கொண்டா. படுத்துகினே அது தொறக்கறத பாக்கணும்."

முதலாளியைக் கேட்டு ஐந்து மொட்டு எடுத்துவைத்தேன். ஆபரேஷன் தள்ளிப்போனது. கடைக்கு அடுத்து வரும் பூப்பெட்டியில் மஞ்சள் வராவிட்டால்? வெள்ளை அழுகிவிட்டால்? பயந்து பயந்து கடை ஃப்ரிட்ஜின் கோடியில் பத்து நாள் ஒளித்துவைத்தேன்.

ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் தண்ணீர் பாட்டிலில் வைத்தேன். மூன்று நாளாகியும் ஒன்றும் விரியவில்லை. நுனி காய்ந்தது. அக்கா சிரிக்கப் பார்த்தார்.

"உன்ன மாதிரியே பயந்துகினு கீதுடி. வுடு, நாளைக்குத் தொறக்கும்."

மறுநாள் விடிந்தபோது அக்கா இல்லை. கட்டிலைக் காலி செய்த ஆயா, "இந்தப் பூ யாருதும்மா?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

"ரொம்ப நாள் குளிர்ல கெடந்தா அது அப்புறம் தொறக்காதும்மா. எத்தனை நாள் வெக்கலாம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் முதலாளி, பிறகு.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அது என் பூதான், என் தப்புதான் என்று சொல்ல நினைத்தால், கேட்க அங்கே இனி ஒருவரும் இல்லை.