பூ வந்துச்சா?

கோமதி டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு பேனரில்தான் வந்தது. ராத்திரி முழுக்க என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்திருக்கிறது. காலையில் பால் வாங்கப் போனவள், வேங்கிக்கால் முனையில் அவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். 'ஏரி காத்த தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி.' கீழே கைகூப்பிச் சிரிப்பவர், அந்த ஏரியின் கால்வாயை மண்ணடித்து மனை போட்ட புரமோட்டர். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் விலங்கியல், நான் வேதியியல். மலையில் பெய்த மழை ஏரிக்கு வருகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கிரிவலம் வந்தவர்கள் வீசிவிட்டுப் போன சாமந்தி மாலைகளைப் பொறுக்கி, நாரை உருவி, பூவை மட்டும் வைத்துக்கொள்வார். மழை விட்டதும் மலையடிவாரத்தில் அதைக் கால்வாயில் கொட்டுவார். ஏரியில் கால்வாய் விழும் இடத்தில் நான் நிற்க வேண்டும். போன் வரும்: "பூ வந்துச்சா?"

"வந்துச்சு டீச்சர்."

"அப்போ கெண்டைக்கு இந்த வருஷம் பொழப்பு இருக்கு." புதுத் தண்ணீரில் எதிரேறித்தான் அது முட்டையிடும்.

பிறகு ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று கரையின் உட்புறம் முழுக்க சிமெண்ட் பூசினார்கள். பார்வையிட வந்த அதிகாரியிடம், அந்தச் சரிவில் ஏற முடியாமல் வழுக்கி வழுக்கி விழுந்த தவளையைக் காட்டினார் டீச்சர்.

"இதுக்கு லிஃப்ட் வைப்பீங்களா சார்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "கோரை இருந்துச்சு, நத்தை இருந்துச்சு, நத்தையத் தின்ன நாரை வந்துச்சு. எல்லாத்தையும் வழிச்சுட்டு மயில் பொம்மை வெச்சிருக்கீங்க. ஏரியா இது, தொட்டியா?" என்றார். அந்தப் பொம்மை இன்னும் அங்கேதான் நிற்கிறது.

அப்புறம் வந்தது மனைப்பிரிவு. கால்வாய்க்குக் குறுக்கே ரோடு, அடியில் பேருக்கு ஒரு குழாய். அடுத்த மழையில் நான் குடையோடு நின்றதுதான் மிச்சம். பூ வரவில்லை. தண்ணீர் பள்ளத்து வீடுகளுக்குள் புகுந்தது, ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. மனு கொடுத்தால் "பார்க்கிறோம்மா" என்றார்கள். புரமோட்டரோ வீடு தேடி வந்து, "டீச்சர், உங்களுக்கு கார்னர் பிளாட் கம்மி ரேட்ல தர்றேன்" என்றார்.

"கெண்டைக்கு எங்க தருவீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

அந்த மனுஷன்தான் சாவு வீட்டுக்கு ஆளுயர சாமந்தி மாலையோடு வந்து, டீச்சர் காலடியில் வைத்து, போட்டோவுக்கு நின்றார். என்ன நெஞ்சழுத்தம்! என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "மாலைய எடுங்க சார். உங்க குழாயத் தாண்டி ஏரிக்கு இந்தப் பூ வரட்டும், நானே கொண்டாந்து டீச்சருக்குப் போடறேன்" என்றேன். டீச்சரின் மகள் மாலையைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவர் அதை கேட்டில் மாட்டிவிட்டு காரில் ஏறிப் போனார்.

பால் தெளித்த அன்று நல்ல மழை. அந்த மாலையைத்தான் உதிர்த்தோம். மகள் அடிவாரத்துக்குப் போனாள், நான் ஏரிக்குப் போனேன். போன் வந்தது. "பூ வந்துச்சா ஆன்ட்டி?" அதே குரல்.

"வரலம்மா."

போய்ப் பார்த்தோம். குழாய் வாயில் குப்பையோடு புரமோட்டர் கொண்டுவந்த பூவே அடைத்துக் கிடந்தது.

அம்மா ஞாபகமாக என்ன வேண்டும் என்று மகள் கேட்டாள். புடவை வேண்டாம், கண்ணாடி வேண்டாம். டீச்சர் போனில் கேட்கும் அந்தக் கேள்வி போதும் என்றேன். டீச்சரைத் தெரிந்தவர்களே, அவர் படத்துக்கு மாலை போட வராதீர்கள். அடுத்த மழைக்கு அந்தப் பூவோடு கால்வாய்க்கு வாருங்கள். அந்த ரோட்டை எடுக்கும்வரை எல்லோருமாகக் கேட்போம், பூ வந்துச்சா என்று.