மாம்பழச்சிட்டின் குரல்

பெரியகடை வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீமுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கொள்ளிடக் கரைதான். ஐப்பசியில் வாலாட்டிக் குருவிகள் மணலுக்கு வருவதையும் பங்குனியில் புங்கமரம் துளிர்ப்பதையும் தன்னோடு வருகிறவர்களுக்குக் காட்டுவார். காட்டுவதைவிடத் திட்டுவது அதிகம். போன மாதம் மலர்க்கொடி என்ற நர்ஸ் தன் போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டபோது எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். "எவனோ வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு நெனச்சு அது கூட்டை விட்டுட்டு ஓடிவரும். போனை உள்ள வைங்க."

இந்த ஆடி ஞாயிறு புதிதாகச் சிலர் பெரிய கேமராக்களோடு வந்திருந்தார்கள். அடித்த காற்றில் ஒரு குருவியும் தலைகாட்டவில்லை. அவர்கள் கொட்டாவி விடுவதைப் பார்க்க ஹலீமுக்குப் பொறுக்கவில்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டி வேப்பமரத்தைப் பார்த்து நின்றுகொண்டு, தன் போனிலிருந்த மாம்பழச்சிட்டின் குரலை ஒலிக்கவிட்டார்.

மஞ்சள் மார்பைப் புடைத்துக்கொண்டு ஆணும் பெண்ணும் தாழ்ந்த கிளைக்குப் பாய்ந்து வந்தன. கேமராக்கள் படபடத்தன. அதே நேரம், மேல்கிளையிலிருந்த அவற்றின் கூட்டைக் கவிழ்த்துவிட்டு ஒரு வால்காக்கை அலகில் முட்டையோடு பறந்துபோனதை ஹலீம் மட்டும் பார்த்தார். சட்டெனப் போனை அணைத்தார்.

மலர்க்கொடி பக்கத்தில் வந்தாள். அவள் போன் பைக்குள் இருந்தது.

"ஜோடியா இருக்கு பாய். கூடு எங்கன்னு சொல்லுங்க, நாங்க சுத்திப் போயிடறோம்."

ஹலீம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இனிமே எப்படி வேணாலும் போலாம்மா."