பத்து நாற்காலி குறைவாக

போட்டிருக்கிற நாற்காலிகளில் பத்தை எடுத்து ஒளித்து வைக்கிறார் லியென் ஷூயு. சனிக்கிழமை காலை எட்டு மணி. கூட்டம் ஒன்பதுக்கு. நாற்பது பேர் வருவார்கள் என்று தெரிந்தும் முப்பதை மட்டும் வட்டமாகப் போட்டுவிட்டு, மீதியைப் பின்னறையில் துடைப்பங்களுக்குப் பின்னால் அடுக்கி, மேலே ஒரு பழைய திரைச்சீலையையும் போர்த்துகிறார். பிறகு ஒன்றும் அறியாதவர் போலத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிறார்.

இடம் கிடைக்காதவர்கள் முனகுவார்கள். முனகிக்கொண்டே வீட்டுக்குப் போய் ஆளுக்கொன்று தூக்கி வருவார்கள். மடக்கு நாற்காலி, மூங்கில் முக்காலி, ஒருமுறை சலூன் நாற்காலிகூட வந்தது. வீட்டிலிருந்து நாற்காலி சுமந்து வந்தவர் பாதியில் எழுந்து போகமாட்டார், அடுத்த கூட்டத்துக்கும் தவறமாட்டார். பதினெட்டு வருட வேலையில் தான் கண்டுபிடித்த ஒரே விதி இதுதான் என்பார் ஷூயு. இதை அவர் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

தைபேயை அடுத்த கீலூங் துறைமுகத்துக்கு மேலே, இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் அந்தச் சமுதாயக் கூடம். ஷூயுவுக்கு வயது நாற்பத்து நாலு. படித்தது நகரத் திட்டமிடல். நகராட்சிக்கும் குடியிருப்பவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, படிக்கட்டு எங்கே உடைந்திருக்கிறது, சாக்கடை எந்தப் பக்கம் வழிகிறது, பெஞ்சு யார் வீட்டு வாசலில் வரக்கூடாது என்று பேசிப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது தொழில். எல்லோரும் அவரை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதுவரை யாருக்கும் அவர் ஒரு பாடமும் நடத்தியதில்லை.

'திட்டம்' என்ற சொல் அவர் வாயில் வராது. "எங்க வழுக்குது?" என்றுதான் ஆரம்பிப்பார். மழை விடாத ஊரில் அதைவிட நல்ல கேள்வி கிடையாது. எழுதவராதவர்கள் சொல்லச் சொல்ல, ஒட்டுத்தாளில் ஒரு சொல் மாற்றாமல் அவரே எழுதுவார். "இந்தப் படியைக் கட்டினவன் விளங்கவே மாட்டான்" என்ற மஞ்சள் தாள் அப்படியே நகராட்சி வரைபடத்தில் ஒட்டப்பட்டு, மேலதிகாரி மேசைக்குப் போய்விட்டது.

"இது யாரைச் சொல்லுது?" என்று அதிகாரி கேட்டார்.

"உங்களை இல்ல சார். அது நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி கட்டினது" என்றார் ஷூயு.

குறை என்று சொன்னால் மைக். "இது உங்க கூட்டம், நீங்கதான் பேசணும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். சொல்லிவிட்டு மைக்கை மட்டும் கையைவிட்டு இறக்கமாட்டார். இரண்டு பேர் குரல் உயர்ந்தால் போதும், நடுவில் புகுந்து, இவர் சொன்னதில் பாதியையும் அவர் சொன்னதில் பாதியையும் எடுத்து, ரெண்டும் ஒன்றுதான் என்று ஆக்கிவிடுவார். சண்டை தணியும். தீராது.

அப்படித் தீராமல் இரண்டு வருடமாகக் கிடப்பது கைப்பிடிக் கம்பி. படிக்கட்டின் அகலத்துக்கு ஒரு பக்கம்தான் கம்பி போட முடியும். வடிகால் பக்கம் போட்டால் மூடியைத் திறக்க முடியாது என்பார் வட்டாரத் தலைவர் ஹுங். தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டாரோ என்று சந்தேகப்படும்படி, பெயர் தைத்த பச்சைச் சட்டையை எப்போதும் போட்டிருப்பவர். கடைப் பக்கம் வரவே கூடாது என்பாள் தொண்ணூற்றேழாவது படியில் மீன் உருண்டை சூப் விற்கும் மெய்குய். அவளுடைய இரண்டு மேசை கிடப்பது அந்தப் பக்கம்.

ஷூயுவின் தூக்கத்தைக் கெடுப்பது கம்பி இல்லை, ஒரு விண்ணப்பம். இந்த மாதிரி வேலையில் பாதி வழி வந்தவர்களுக்கென்றே தைபேயில் ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் ஃபெலோஷிப் கொடுக்கிறது. எட்டுப் பேருக்குத்தான். பத்து மாதம் வேறு நாட்டில் ஒரு நகரம், ஒரு அறை, சம்பளத்துக்குக் குறையாத உதவித்தொகை. ஒரே நிபந்தனை, பழைய வேலையைத் தொடக்கூடாது. தொலைபேசியில்கூட. ஷூயுவுக்கு அது வேண்டும், ரொம்ப வேண்டும். சில நாட்களாகக் கூட்டத்தில் ஒருவர் வாயைத் திறக்கும்போதே அவர் முடிக்கப்போகும் வாக்கியம் இவருக்குத் தெரிந்துவிடுகிறது. அது தெரியும்போது பயமாக இருக்கிறது.

மூன்று வருடமாக விண்ணப்பத்தை நிரப்புகிறார். 'என்ன கற்க விரும்புகிறீர்கள்?' என்ற கட்டத்தில், 'மற்றவர்கள் நடத்தும் கூட்டத்தில் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும்' என்று எழுதுவார். ஏழாவது கட்டத்துக்கு வந்தால் பேனா நின்றுவிடும். 'நீங்கள் இல்லாத பத்து மாதம் உங்கள் வேலை என்ன ஆகும்?' நின்றுபோகும் என்று எழுதினால், பதினெட்டு வருடம் என்ன கிழித்தாய் என்று கேட்பார்கள். நடக்கும் என்று எழுத மனசு வரவில்லை. மூன்று வருடமும் கடைசித் தேதி அப்படியே போய்விட்டது.

இந்த வருடக் கடைசித் தேதி ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை, நாற்காலி ஒளிக்க ஷூயு வரவில்லை. வேண்டுமென்றேதான். படிக்கட்டின் அடியில் பேருந்து நிறுத்தத்தில் குடையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்பதடித்தது. ஒன்பது ஐந்துக்கு ஹுங் கூப்பிடுவார், ஒன்பது பத்துக்கு மெய்குய் கத்துவாள் என்று கணக்குப் போட்டுத் தொலைபேசியை மடியில் வைத்திருந்தார். மூன்று பேருந்து போனது. ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை. ஒன்பதே முக்காலுக்கு அவருக்கே பொறுக்காமல் ஏறினார். வழக்கமாக எண்ணிக்கொண்டே ஏறுகிற படிகளை அன்றைக்கு எண்ணவும் மறந்துவிட்டார்.

கூடத்தில் சண்டை உச்சத்தில் இருந்தது. மைக் ஹுங்கின் கையில். முப்பது நாற்காலி வட்டமாக, வெளிவட்டத்தில் வீட்டு நாற்காலிகள். வாசலில் நின்ற ஷூயுவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் மேசைக்காக ஊரே உருண்டு விழணுமா மெய்குய்?"

"விழுந்தா என் கடையிலதானே வந்து விழறீங்க, சூப்பு குடுத்து எழுப்பறது யாரு? சரிய்யா, ஒரு மேசைய உள்ள இழுத்துக்கறேன். கம்பி எங்க பக்கமே வரட்டும். கடைக்கு நேரா மட்டும் நாலடி விட்டுருங்க, ஜனம் உள்ள வரணும்ல."

"இதை ரெண்டு வருஷம் முன்னாடி சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்ல விட்டாங்க? வாயத் தொறந்தாலே டீச்சர் சமாதானம் பண்ணிடறாங்களே!"

கூடம் முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் மெய்குய் அவரைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொள்ளக்கூட இல்லை.

"வாங்க டீச்சர். உட்கார இடமில்லையே."

ஷூயு கண்களைப் பின்னறைப் பக்கம் ஓட்டினார்.

"அந்தப் பத்தா? தொடமாட்டோம்" என்றார் ஹுங், மைக்கிலேயே. "பத்து வருஷமா எங்களுக்குத் தெரியும். இன்னைக்கு நான்தான் ஒளிச்சு வெச்சேன், அந்தத் திரைச்சீலைய மூடி. வேணும்னா வீட்லேர்ந்து எடுத்துட்டு வாங்க."

ஷூயுவின் வீடு ஊரின் மறுகோடி. கன்னம் சூடேற, மழையில் தொண்ணூற்றேழாவது படிக்கு இறங்கி, மெய்குய் கடையிலிருந்து ஒரு சிவப்பு முக்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினார். வலிக்கத்தான் செய்தது. மூச்சு வாங்கியது. ஏறும்போது ஒன்று உறைத்தது. கடைக்கு நேராக விடப்போகும் அந்த நாலடியில்தான், இருநூற்றுப் பன்னிரண்டிலும் அதிகம் வழுக்குகிற படி இருக்கிறது. இதைச் சொல்லியாக வேண்டும்.

கடைசி வரிசைக்கும் பின்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கையைத் தூக்கினார். பேசவும் தொடங்கினார்.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர்" என்றார் ஹுங். "உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்க."

ஷூயு பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து முழங்காலில் விரித்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றி, முறைக்காகத் தூக்கிய இடது கையை இறக்காமலே, வலது கையால் ஏழாவது கட்டத்தில் எழுதத் தொடங்கினார்.