நாற்பத்தெட்டு நாள் சாமி

ஐந்து வருஷம் தொடர்ந்து ஐயப்பனுக்கு மாலை போட்டேன். கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டி, பச்சைத் தண்ணீர்க் குளியல், விவேக் நகர் தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் 'சாமி' என்று கும்பிடுவார்கள். நாற்பத்தெட்டு நாளும் ஒரு சொட்டு தொடமாட்டேன். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றே மத்தியானம் பாரில் உட்கார்ந்திருப்பேன். கூட வந்த சாமிகளும் அங்கேதான் இருப்பார்கள். நாங்கள் விரத நாட்களை எண்ணியதே அந்த மத்தியானத்துக்காகத்தான். வெட்கம் கெட்ட கூட்டம்.

ஐந்தாவது வருஷம் மனைவி சத்தம் போடாமல் சொன்னாள். "இந்தத் தடவ மாலை கழட்டின அன்னிக்கு குடிச்சீங்கன்னா, நான் பாப்பாவ கூட்டிக்கிட்டு ஓசூர் போயிடுவேன். அப்புறம் வரமாட்டேன்."

அவள் தொல்லை தாங்காமல்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலுக்குப் போனேன். குடியை விட்டவர்கள் கூடுகிற இடம். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக நான் நுழைந்ததை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. பன்னைத் தின்றுகொண்டு ஆளாளுக்கு அழுதார்கள். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று எனக்குத் தெரியாதா? கூட்டத்தை நடத்தியவர் ஃபாக்டரியில் ரிட்டயர் ஆனவர். ஒன்பது வருஷமாகத் தொடவில்லையாம். "நம்மளால ஆகாதுப்பா. நம்மள விட பெரிசு ஒண்ணு இருக்கு, அதுகிட்ட கேளு" என்பார். ஐயப்பனிடமே பேரம் பேசுகிறவனுக்கு இவர் பாடம் எடுக்கிறாரா என்று உள்ளுக்குள் காறித் துப்பினேன்.

ஜனவரியில் மலைக்குப் போய்வந்து, காலையில் மாலையைக் கழற்றினேன். பதினொரு மணிக்கு வாசலில் குரல் கேட்டது. நேற்று வரை என்னைச் 'சாமி' என்றவன், "மச்சான், வரியா?" என்றான். பின்கதவு வழியாக ஓடினேன். எங்கே போவது? ஃபாக்டரிக்காரர் வீடு மட்டும்தான் தெரியும்.

கதவைத் திறந்தவர் மேல் பிராந்தி நாறியது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். பார்த்தாயா, பெரிய சக்தி கிழித்ததை! திரும்பிப் போய் நிம்மதியாகக் குடிக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அதற்குள் அவர் என் சட்டை மேலேயே வாந்தி எடுத்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிடாதப்பா" என்றார். கட்டிலுக்கு அடியில் இன்னும் அரைப் பாட்டில் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சாக்கடையில் கொட்டினேன். சாயங்காலம் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும், ஐந்து வருஷத்தில் முதல்முறையாக, விரதம் இல்லாமல், நேர்த்திக்கடன் இல்லாமல் கேட்டேன்: யாராயிருந்தாலும் சரி, இந்தக் கிழவனைக் காப்பாற்று. என்னைப் பற்றிக் கேட்க மறந்தே போனேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் பையோடு நின்றாள், குழந்தை இடுப்பில். சட்டையின் நாற்றம் எனக்கு முன்னால் போய்விட்டது. நான் வாயைத் திறக்குமுன் அவள் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"ஊதுங்க."

ஊதினேன். நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ ஊதுங்க" என்றபோது அழுதுகொண்டிருந்தாள்.