ஒற்றைக் கையால் திறக்கும் பெட்டி

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். அவருக்கு இருப்பது பிடிவாதம். அது சத்தம் போடாது என்பதால் ஊருக்குத் தெரிவதில்லை. பெரிய கட்டடங்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்கள் செய்கிற பட்டறையில் அவருக்கு வேலை. நாள் முழுக்கத் தகட்டை வெட்டி, மடக்கி, ரிவெட் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பின்னறையில் உட்கார்ந்து மறுபடியும் தகட்டை வெட்டுவார். நான் மேல்மாடியில் குடியிருக்கிறேன். அத்தான் அரம் தேய்க்கும் சத்தம் என் அடுப்படிவரை வந்துவிடும்.

அக்கா அவருக்கு நேர் எதிர். வாயும் வேகம், கையும் வேகம். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. மூடியைக் கழற்றும் முன்பே, ஃபேன் போடும் சத்தத்தைக் கேட்டு இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். சொன்னது தப்பாகப் போய்விட்டால் மெஷினோடு பேச மாட்டாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது. பேச்சும் திரும்பியது, பழைய காரம் குறையாமல். வலது கை மட்டும் திரும்பவில்லை. கடை முதலாளி வந்து பார்த்தார். நல்ல மனுஷன்.

"உன் நாற்காலிய அப்படியே வெச்சிருக்கேன்மா. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல தள்ளிப்போட முடியாது."

"இப்பவே வேற ஆளப் பாத்துக்கோங்க சார். ஒத்தக் கையால ஒரு ஸ்குரூவக்கூட கழட்ட முடியல," என்றாள் அக்கா.

அவர் போன பிறகு தன் கருவிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். வீட்டிலிருந்த அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டர் கரகரவென்று இரைய ஆரம்பித்தபோது, திறந்துகூடப் பார்க்காமல் சுவிட்சை அணைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மாலை பின்னறையில் அத்தான் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், வீடு மாத்தப் போறீங்களா?"

"உங்கக்காவுக்கு ஒரு பெட்டி செய்யறேன். கம்ப்யூட்டர் பெட்டி. ஸ்குரூவே இருக்காது. ஒவ்வொரு பாகமும் மேசை டிராயர் மாதிரி தனித்தனியா இழுத்தா வரணும். இடது கை ஒண்ணே போதும்."

அட்டையில் மாதிரி செய்து பார்த்துவிட்டு அலுமினியத் தகட்டில் இறங்கினார். இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே தகட்டை வைஸ் என்கிற பிடிகருவியில் இறுக்கி, மரச் சுத்தியலால் ஓரமாகத் தட்டித் தட்டி மடக்குவார். ஒரே அடியில் மடக்கினால் மூலை வெடித்துவிடுமாம். பவர் சப்ளைக்கு ஒரு அறை, மதர்போர்டுக்கு ஒரு தட்டு, டிஸ்குகளுக்கு ஒன்று, ஃபேன்களுக்கு ஒன்று. பின்பக்கத்தில் ஒயர்களைப் பிடுங்கிச் செருகும் வேலையே இல்லை. தட்டை உள்ளே தள்ளினால் இணைப்புகள் தானாகப் பொருந்திக்கொள்ளும். ஓரங்களை எல்லாம் அரத்தால் தேய்த்து, அவற்றின் மேல் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தார். கன்னத்தைக் கீறாத ஓரம் அக்காவின் விரலையும் கீறாது என்பது அவர் கணக்கு.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "வாயாடி, நீயே சாட்சி. பாத்துக்கோ, இடது கைதான்." ஒவ்வொரு தட்டாக இழுத்தார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வந்தது. நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. எதிலும் குறை கண்டுபிடிக்கிற நானே பிரமாதம் என்று சொல்லிவிட்டேன்.

கூடத்து மேசையில் பெட்டியை வைத்தோம். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு விளையாட்டுச் சாமான் செஞ்சிருக்கீங்களா?"

"ஒரு தடவ இழுத்துப் பாரேன்."

இழுத்தாள். தட்டு வரவில்லை, பெட்டி வந்தது. இன்னும் பலமாக இழுத்தாள். மொத்தப் பெட்டியும் மேசை விளிம்புக்கு வழுக்கிக்கொண்டு வர, அத்தான் பாய்ந்து பிடித்தார். அக்கா கையை எடுத்துவிட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க. ஆசையா செஞ்சீங்க, சரி. என்னால ஆகாதுன்னு நான் முதல்லயே சொல்லிட்டேன்ல?" உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டை இழுத்து, தள்ளி, திரும்ப இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. நான் அந்தப் பெட்டியைத் திட்டினேன்; வேறு யாரைத் திட்டுவது?

கதவுக்குப் பின்னால் இருந்தாலும் காது அக்காவின் காதுதானே. தட்டு போய்வரும் சத்தம் அவளைச் சும்மா இருக்கவிடவில்லை போல. கதவைத் திறந்து நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"இன்னொரு தடவ இழுங்க."

இழுத்தார்.

"அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. உங்க வலது கை எங்க இருக்கு?"

மூன்று பேரும் பார்த்தோம். அத்தானின் வலது கை பெட்டியின் தலையில் பதவிசாக உட்கார்ந்திருந்தது. சூடு பட்டவர் மாதிரி அதை எடுத்தார்.

"ஐயோ, நான் வெக்கவே இல்லையே!"

"நீங்க வெக்கல. அதுவாப் போய் உட்கார்ந்துக்கும். ஒரு கை வேல செய்யும், இன்னொரு கை பிடிச்சுக்கும். பிடிச்சுக்கற கைய யாருமே கணக்குல சேக்கறதில்ல. அது போன பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமாக அவளுக்குச் சாப்பாடு கொடுத்து, தலை பின்னி, துணி மடித்துக் கொடுத்தவள் நான். பாட்டிலைத் திறக்க முடியாமல் அவள் தள்ளிவைத்தபோதெல்லாம் விரலில் பலம் இல்லை என்றே நினைத்திருந்தேன். அக்கா என் அழுகையைக் கண்டுகொள்ளவே இல்லை. பெட்டியின் அடியில் விரலைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் அவள் சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

அன்றிலிருந்து பின்னறையில் அவள்தான் முதலாளி. அத்தான் தன் வலது கையை இடுப்பு பெல்ட்டில் செருகிக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் சோதித்தார். அப்படியும் அந்தக் கை உருவிக்கொண்டு வரப் பார்க்கும். வரும்போதெல்லாம் அக்கா ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவாள். கைப்பிடிகள் மாறின. இழுப்பதற்குப் பதில் கட்டைவிரலால் சட்டத்தை அழுத்திக்கொண்டு மற்ற விரல்களால் கிள்ளினால் தட்டு வெளியே வரும். தள்ளுவதும் தாங்குவதும் அந்த ஒரே கைக்குள் முடிந்துவிடும். கீழே கனமான இரும்பு அடித்தட்டு ஒன்று. அது மேசை விளிம்பைக் கவ்வும். அதன் மேல் ரப்பர் ஒட்டிய இரண்டு தாடைகள். முழங்கையால் நெம்புகோலை அழுத்தினால் அவை நெருங்கி வந்து பெட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

நிறத்துக்காக மட்டும் சண்டை வந்தது. அத்தான் கரும்பச்சைக்கு ஒற்றைக் காலில் நின்றார். "என்ன நிறமோ அடிச்சுத் தொலைங்க, சீக்கிரம் காய்ஞ்சா போதும்," என்றாள் அக்கா. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் முதலாளி சொன்ன கெடுவே நினைப்பாக இருந்தது.

பெயின்ட் காய்ந்த அன்று அத்தான் அக்காவின் கம்ப்யூட்டர் பாகங்களை எல்லாம் பெட்டிக்குள் மாற்றி வைத்தார். கூடத்தில் அக்கா தனியாக உட்கார்ந்தாள். நாங்கள் கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு. நெம்புகோலை அழுத்தினாள். கிள்ளினாள். ஃபேன் தட்டு வந்தது. இரைந்துகொண்டிருந்த பழைய ஃபேனை எடுத்து, புதியதைப் பொருத்தி, உள்ளே தள்ளினாள். மதர்போர்டுத் தட்டும் வந்து போனது. பெட்டி இம்மியும் நகரவில்லை. சுவிட்சைப் போட்டதும் சத்தமே இல்லாமல் திரையில் வெளிச்சம் வந்தது. அத்தானுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கரும்பச்சையைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "மாடியில உன் பழைய கம்ப்யூட்டர் இருக்குல்ல? தூக்கிட்டு வா," என்றாள் என்னிடம்.

கொண்டுவந்தேன். அத்தானின் பெட்டியை அடித்தட்டிலிருந்து எடுத்துக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, என்னுடையதை அங்கே நிறுத்தினாள். சாதாரணக் கடைப் பெட்டி, ஸ்குரூ எல்லாம் துருப்பிடித்திருந்தன. தாடைகளை இறுக்கினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து கருவிப் பையை எடுத்துத் தரச் சொன்னாள். இடது கையில் ஸ்குரூ டிரைவர் முதலில் நழுவியது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் நழுவியது. அத்தான் ஒரு அடி முன்னால் வந்தார், அவள் நிமிர்ந்து பார்த்ததும் பின்னால் போனார். ஒரு ஸ்குரூ திரும்பியது. அப்புறம் இன்னொன்று. மூடி கழன்று வந்ததும் உள்ளே பார்த்துவிட்டு, "எவ்வளவு தூசி! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று என்னைத் திட்டினாள். பக்கவாதத்துக்கு அப்புறம் அவள் என்னை இப்படி மனசாரத் திட்டியது அன்றைக்குத்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு அத்தானைப் பார்த்துச் சொன்னாள்: "அடித்தட்டு எனக்கு வேணும். நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அப்ப பெட்டி?"

"பெட்டி ரொம்ப அழகா இருக்குங்க, நெஜமாத்தான் சொல்றேன். ஆனா கடைக்கு வர்ற மெஷின் எதுவும் நீங்க செஞ்சது இல்லையே."

அத்தான் தரையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். எத்தனை மாலை நேரங்கள் அதில் போயிருந்தன! எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் அடித்தட்டைத் துடைத்து, ஒரு தோள்பையில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்தார்.

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றார். பட்டறைக்கு லீவு சொல்லியிருந்தாராம்.

"கனமா இருக்கு. நான் கொண்டாந்து வெச்சுட்டு, பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"நீங்க வந்தா பிடிச்சுக்குவீங்க," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பையின் வாரை அவள் இடது தோளில் மாட்டிவிட்டார், சரிசெய்தார், மறுபடியும் சரிசெய்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.